மெசின் சும்மா நிற்காது

காரணமில்லாமல் நிற்கும் இயந்திரம் இந்தப் பூமியில் இன்னும் செய்யப்படவில்லை என்பது நீக்கிலாஸ் உலகத்துக்கு அளித்த உண்மை. இதை அவன் பகிடியாகச் சொன்னதில்லை. ஞானஸ்நான விருந்திலும் சொன்னான், செத்தவீட்டிலும் சொன்னான். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில், தன் வீட்டுக் கராஜுக்குள் யாரோ ஒருவருடைய புல்லு வெட்டும் மெசினை மல்லாக்கப் போட்டு, அதன் வயிற்றைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும் சுவாமியார் பிரசங்கம் வைக்கிற முகத்தோடு சொன்னான்.

"மனுசன் சும்மா நிப்பான். மாடு சும்மா நிக்கும். மெசின் சும்மா நிக்காது. அதுக்கு மூண்டு சாப்பாடு. காத்து, எண்ணெய், நெருப்பு. மூண்டில ஒண்டு போய்ச் சேரேல்லை எண்டாத்தான் நிக்கும். எது சேரேல்லை எண்டு கண்டுபிடிக்கத் தெரியாதவன் சொல்லுற கதைதான், 'சும்மா நிண்டுட்டுது.'"

கடைசிச் சொற்கள் இரண்டையும் அவன் மூக்கால் சொல்லுவான். அது அமிர்தநாதருடைய குரல். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அமிர்தநாதரைத் தெரியும் என்பதால் அந்த இடத்தில் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கும்வரை நீக்கிலாஸ் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். உண்மைக்குச் சிரிப்பது அவன் வழக்கமில்லை.

இந்த அறிவுக்கு ஆதாரம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் அவன் கை படாத, படகுக்குப் பூட்டுகிற அவுட்போட் மெசின் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. சண்டையோடு வந்த மீன்பிடித் தடை, பெற்றோல் தடை எல்லாம் வருமுன்னமே அவன் புறப்பட்டு வந்துவிட்டான். இங்கே காரின் கதவுக்குப் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு பூட்டு அவன் கையால் போகும். அதில் ஒன்றுக்காவது எண்ணெய் குடிக்கத் தெரியாது. அந்த மனக்குறையைத் தீர்க்கத்தான் சனி ஞாயிறுகளில் அஜக்ஸ் தமிழருடைய புல்லு மெசின், பனி தள்ளுகிற மெசின் எல்லாவற்றுக்கும் அவன் வைத்தியம் பார்த்தான். எல்லாம் எழும்பி நடந்தன. அவனுக்கு நடக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். அதற்கு அவன் பக்கத்தில் இருக்கவில்லை.

அது அவனுடைய தம்பி றொபேட்டின் மெசின்.

தொண்ணூற்று மூன்றில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேறு பாதை இல்லாதபடியால் சனம் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தது. றொபேட் ஆட்களை ஏற்றி இறக்கினான். ஓர் இரவு நடுத் தண்ணீரில் அவனுடைய மெசின் நின்றது. நின்ற படகுகள் அலையோடு தள்ளுப்பட்டுப் போகிற பக்கத்தில் கடற்படை இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தார்கள். வெளிச்சத்துக்குப் பின்னால் வெடிச்சத்தம் வந்தது. அந்தப் படகில் போனவர்களில் சிலர் கரை சேர்ந்தார்கள். றொபேட் சேரவில்லை. அவனுடைய உடம்பும் சேரவில்லை.

சேர்ந்தவர்களில் ஒருவர் அமிர்தநாதர். இளைப்பாறிய தபாலதிபர், இப்போது பார்க்டேலில் மகனோடு ஒன்பதாம் மாடியில் இருப்பவர். அந்த இரவைப்பற்றி எவர் கேட்டாலும் அவர் ஒரே மாதிரித்தான் சொல்லுவார்.

"மெசினுக்கு ரியூப் போற பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானை றொபேட் என்ர முழங்காலுக்கு நடுவில வைச்சு, 'அண்ணை, இறுக்கிப் பிடியுங்கோ' எண்டான். நல்லாத்தான் ஓடினது. பிறகு இருமினது. நிண்டுட்டுது. மூடியத் திறந்து கைய விட்டுப் பாத்தான், எண்ணெய் கழுத்துமட்டும் இருந்தது. மூடிப்போட்டு இழுத்தான், ஓடினது. கொஞ்சத் தூரம். திரும்ப நிண்டுட்டுது. அந்தக் கான் இருக்கெல்லே, அது என்ர காலுக்கிடையில வயித்தை உள்ளுக்கு எக்கினது தம்பி. பயத்தில எக்கிற மாதிரி. மூடியத் திறக்கேக்க பெருமூச்சு விட்டது. நான் காதால கேட்டனான். ஒரு பிழையும் இல்லை. சும்மா நிண்டுட்டுது."

முதல் தடவை இதைக் கேட்டபோது நீக்கிலாஸ் சபை நடுவே எழும்பி நின்றான்.

"கான் பெருமூச்சு விட்டதோ அண்ணை? சுருட்டு ஏதும் கேக்கேல்லையோ?"

"நீ அங்க இருக்கேல்லை தம்பி."

"நான் இருந்திருந்தா அது நிண்டிருக்காது."

இதை அவன் கிளடிசுக்கு முன்னால் சொன்னான். கிளடிஸ் றொபேட்டின் மனைவி.

கிளடிஸ் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம். விமான நிலையத்தில் நீக்கிலாஸ் கொண்டுபோன குளிர்கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தவள், மற்றக் கையை நுழைக்கமுன்னம் கேட்டாள்: "அத்தான், உங்களுக்குத்தானே மெசின் தெரியும். அது ஏன் நிண்டது?"

நீக்கிலாஸ் அந்த இடத்திலேயே தீர்ப்பு வழங்கினான். "பில்ரர். றொபேட் பில்ரர் துடைச்சிருக்க மாட்டான். ஊத்தை போய் அடைச்சிருக்கும்."

"அவர் துடைப்பார்," என்றாள் கிளடிஸ், மற்றக் கையை நுழைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவர்களிடையே குடியிருந்தது. ஸ்காபரோவில் கேக் பெட்டி அடுக்குகிற வேலையிலிருந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அஜக்ஸுக்கு ரயில் ஏறி வருவாள். சாப்பிடுவாள், கோப்பை கழுவுவாள், துடைத்த கையோடு வந்து நிற்பாள். "பில்ரர் எண்டு எப்பிடி அத்தான் உறுதியாச் சொல்லுறியள்?" நீக்கிலாஸ் காற்று, எண்ணெய், நெருப்பு என்று முதலில் இருந்து தொடங்குவான். முடிவில் றொபேட்டின் கவலையீனத்தில் வந்து இறங்குவான். "அவர் துடைப்பார்," என்பாள் அவள். செத்த ஆத்துமாக்கள் திருநாளில் மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறையைத் தேடிப் போகும்போது, கல்லறையில்லாத அவள் சேமக்காலையின் பொதுச் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவாள். ஒரு மனிதன் செத்ததற்குக் கல்லறை இல்லை, உடம்பு இல்லை, மிச்சமிருந்த ஒரே பொருள் அந்தக் காரணம்தான். அதையும் நீக்கிலாஸ் றொபேட்டின் தலையில் கட்டிக் கொடுத்தான். அதை அவன் கொடுமை என்று நினைக்கவில்லை. இயந்திரவியல் என்று நினைத்தான்.

தொண்ணூற்றேழில் நீக்கிலாஸ் ஒரு படகு வாங்கினான். ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரன் வீடு மாறிப் போகும்போது விட்டுப்போன அலுமினியப் படகு. பின்னால் ஒரு மெசின். ஒன்பது தசம் ஒன்பது குதிரை வலு என்று எழுதியிருந்தது. பத்தாவது குதிரையின் மிச்சப் பங்கு எங்கே போனது என்று நீக்கிலாஸ் சில நாள் விசாரித்துத் திரிந்தான். படகு வீட்டு வாசலில் இழுவை வண்டியில் நின்றதால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அஜக்ஸ் தமிழர் மேல் புது மரியாதை வந்தது.

கிளடிஸ் படகைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். "அத்தான், அவற்ற நினைவு நாளுக்கு என்னை ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ? பூப் போடவேணும்."

"ஏரிக் கரையில நிண்டு போடலாமே?"

"போன வருசம் போட்டனான். அலை திருப்பிக் கொண்டந்து தந்திட்டுது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து, 'அன்ரி, இதைத் தவறவிட்டிட்டியள்' எண்ட மாதிரி என்ர கையில தந்தது. நான் 'தாங்க் யூ' சொன்னனான்."

நீக்கிலாஸ் சம்மதித்தான். அவள் இன்னொன்றும் கேட்டாள். அமிர்தநாதரும் வரவேண்டும். றொபேட்டைக் கடைசியாகப் பார்த்த கண் அவருடையதுதானே.

இனிச் செத்தாலும் படகில் ஏறுவதில்லை என்று சொல்லியிருந்த அமிர்தநாதர், கிளடிஸ் கேட்டபடியால் பார்க்டேலில் இருந்து இரண்டு பஸ்ஸும் சுரங்க ரயிலும் மாறி வந்தார். ஸ்காபரோவின் வெள்ளை மண்மலைக்குக் கீழே, ஏரியில் படகு இறக்கும் சரிவில், செம்மஞ்சள் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குத்தகைக்கு எடுத்த பூசணிக்காய்போல நின்றார். நல்ல வெயில். பக்கத்தில் யாரோ கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பயமோ அண்ணை?"

"பயமில்லை. நீந்தத் தெரியாது. ரெண்டும் வேற வேற."

"அண்டைக்கு எப்பிடிக் கரைக்கு வந்தனீங்கள்?"

"அதுதானே எனக்கும் தெரியாது."

"சரி, சரி. நீக்கிலாஸின்ர மெசின் நிக்காது, ஏறுங்கோ."

"நிண்டா?"

"நிண்டாக் காரணம் இருக்கும். காரணம் இருந்தா நான் இருக்கிறன்."

நீக்கிலாஸ் சடங்கைத் தொடங்கினான். சிவப்பு எண்ணெய் ராங்கியைப் படகின் நடுவில் வைத்தான். அதன் மூடியின் நடுவே இருந்த சின்னத் திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தளர்த்தினான். ராங்கியிலிருந்து போகும் ரியூபை மெசினில் கொழுவினான். ரியூபின் நடுவே இருந்த எலுமிச்சங்காய் அளவு ரப்பர்க் குண்டை, அது கையில் கல்லாகும்வரை பிசைந்தான். செய்துகொண்டே காற்று, எண்ணெய், நெருப்பு என்று விளக்கினான். அமிர்தநாதர் முன்தட்டில் இருந்து இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, விளக்கத்தைக் கேட்காமல் மங்கள வார்த்தை செபம் சொன்னார். கிளடிஸ் நடுவில், ராங்கிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூக்கள் வைத்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஓர் இழுவையில் மெசின் எழும்பியது. நீக்கிலாஸ் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

துறையைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று பிடித்தது. கிளடிஸ் மெசின் சத்தத்துக்கு மேலாலே கத்திக் கேட்டாள்.

"உப்பில்லாத தண்ணி அத்தான். இதில போட்டா அவரிட்டப் போகுமோ?"

"இந்த ஏரி ஆத்தில விழுது. ஆறு மொன்றியலுக்கால போய் அத்திலாந்திக்கில விழுது. ஆபிரிக்காவைச் சுத்தினா எங்கட கடல்தானே. விசாவும் கேளாங்கள்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

நீக்கிலாஸ் கையைக் காதில் வைத்து, கேட்கவில்லை என்று காட்டினான்.

மண்மலை சின்னதாகி ஒரு கிழிந்த கடதாசித் துண்டுபோல் ஆனபோது மெசின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

அமிர்தநாதரின் செபமும் நின்றது.

"ஒண்டும் பயப்பிட வேண்டாம்," என்றான் நீக்கிலாஸ். குரலில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. ஒருவருடைய புல்லு மெசினும் அவனுக்கு இப்படி ஒரு சபையைத் தந்ததில்லை. "காத்து, எண்ணெய், நெருப்பு. வரிசையாப் போவம். அண்ணை, அந்த ராங்கி மூடியத் திறந்து எண்ணெய் இருக்கோ பாருங்கோ."

அமிர்தநாதர் தவழ்ந்து வந்து மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். திரும்ப மூடினார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"நிறைய இருக்கு. தம்பி... மூடி திறக்கேக்க இதுவும் பெருமூச்சு விட்டது."

"எது?"

"ராங்கி."

"பாவம். அதுக்கும் வீட்டில என்ன கரைச்சலோ."

ரப்பர்க் குண்டு சூப்பி எறிந்த மாங்கொட்டைபோலச் சப்பளிந்து கிடந்தது. பழைய ரப்பர் என்று நீக்கிலாஸ் அதை மன்னித்தான். மெசினின் மேல்மூடியைக் கழற்றி, பில்ரரை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான். அதில் ஒரு தூசி இருந்தது. கிளடிசுக்கும் அமிர்தநாதருக்கும் அந்தத் தூசியைக் காட்டினான். ஊதினான், சட்டையில் துடைத்தான், திரும்பப் போட்டான். குண்டைப் பிசைந்தான், இப்போது அது கல்லானது. இழுத்தான். மெசின் எழும்பியது.

"பாத்தியளோ? பில்ரர்! ஒரு தூசிக்கு இந்தப் பாடு." பிறகு கிளடிசைப் பார்த்துச் சொன்னான். "றொபேட் செய்யாமல் விட்டது இதைத்தான் பிள்ளை."

"அவர் துடைப்பார்," என்றாள் கிளடிஸ். சொல்லிவிட்டு வாளிக்குள் குனிந்துகொண்டாள். பூவை ஒழுங்கு செய்கிறாள் என்று நீக்கிலாஸ் நினைத்தான்.

முந்திய தூரம்கூடப் போகவில்லை. மெசின் இருமி நின்றது.

இந்தத் தடவை அவன் விளக்கம் சொல்லவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், நெருப்பு வந்தது. பில்ரரில் தூசியும் இல்லை. கார்ப்பரேற்றரின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தினான். எண்ணெய் இரண்டு துளி கண்ணீர்போல வந்து நின்றுவிட்டது. எண்ணெய்தான் போய்ச் சேரவில்லை. ராங்கி நிறைய இருக்கிறது, ரியூபில் வெடிப்பு இல்லை, ஆனால் சேரவில்லை. குண்டு திரும்பவும் சப்பளிந்து கிடந்தது. பிசைந்தால் சப்பளிந்தபடியே கிடந்தது. மூடியின் திருகாணியை அவன் யோசிக்கவில்லை. அதைத் தன் கையால் திறந்தவன் அவன். தன் கை செய்ததைச் சந்தேகிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

காற்று படகைப் பக்கவாட்டில் திருப்பித் தள்ளத் தொடங்கியது.

"அதே மாதிரி," என்றார் அமிர்தநாதர் மெல்ல.

"என்ன அதே மாதிரி?"

"அண்டைக்கும் இதே மாதிரித்தான் தம்பி. திறந்து பாத்தம். ஓடினது. நிண்டது."

நீக்கிலாஸின் மூக்கு அமிர்தநாதருடைய குரலுக்குத் தயாரானது. ஆனால் சிரிக்கச் சபையில் ஒருவரும் இல்லை. அவன் அடக்கிக்கொண்டு குனிந்து, ராங்கி மூடியைத் தானே பிடித்துத் திருப்பினான்.

ராங்கி பெருமூச்சு விட்டது.

நீளமான, ஆறுதலான பெருமூச்சு. பிறகு அதன் உள்ளே ஒட்டியிருந்த பக்கம் டொக்கென்று வெளியே வந்தது. நீக்கிலாஸ் மூடியைக் கையில் வைத்துப் பார்த்தான். நடுவிலிருந்த திருகாணி இறுகப் பூட்டியிருந்தது. அவ்வளவுதான். வேறொன்றுமில்லை. எண்ணெய் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். காற்றுக்கு வழியில்லாவிட்டால் ராங்கி எண்ணெயை விடாமல் தன் வயிற்றுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் மூச்சு வாங்கும், கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப நிற்கும்.

"கண்டுபிடிச்சிட்டன்!" நீக்கிலாஸ் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினான். படகு ஆடியது. "சொன்னனானெல்லே, மெசின் சும்மா நிக்காது! இந்தச் சின்னத் திருகாணி! இதை எவன்—"

"அதோ? அது நான்தான் அத்தான் பூட்டினனான்," என்றாள் கிளடிஸ்.

அவள் முகத்தில், உதவி செய்த ஒருவருக்குரிய சின்ன வெட்கம் இருந்தது.

"வெளிக்கிடேக்க பெற்றோல் மணந்தது. நீங்கள் மறந்துபோய்த் திறந்து விட்டிட்டியள் எண்டு இறுக்கிவிட்டனான். எனக்கு அந்த மணம் வந்தா இருப்புக் கொள்ளாது."

அது நீக்கிலாசுக்குத் தெரியும். பெற்றோல் அடிக்கிற இடத்தில் குழாயை வெளியே எடுக்கும்போது இரண்டு துளி நிலத்தில் விழுந்தால், வண்டிக்குள் இருந்து கிளடிஸ் "இயேசுவே" என்பாள். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களில் இருந்தவள் அவள். போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவு பெற்றோலைக் கட்டிலுக்குக் கீழே, நகையைப்போல ஒளித்து வைத்தவர்கள் அவர்கள். மெசினை எழுப்ப மட்டும் பெற்றோல். ஓடத் தொடங்கினால் மண்ணெண்ணெய்.

"ஊரிலயும் அது என்ர வேலைதானே," என்றாள் கிளடிஸ். அவளுக்குப் பேச வந்துவிட்டது. றொபேட்டைப்பற்றிப் பேச அவளுக்கு இடம் கிடைப்பது குறைவு. "சீலையால வடிச்சு ஊத்தி, மூடி இறுக்கிக் குடுக்கிறது நான்தான். ஒரு துளி போக விடமாட்டன். அவர் பகிடி பண்ணுவார், உன்ர கையால மூடினா, ஊரை விட்டு வெளிக்கிடுற ஆக்களுக்கு மாதிரி மணத்துக்கும் பாஸ் வேணும் எண்டு. கடைசி நாளும் பாருங்கோ, கான் மூடியில ஆரோ ஆணியால குத்தின மாதிரி ஒரு ஓட்டை. புதுக் கான், அண்டைக்குத்தான் எங்கயோ மாத்தி வாங்கிக்கொண்டு வந்தவர். அதால மணம் போய்க்கொண்டு இருந்தது. அவர் ஆக்களைக் கூப்பிடப் போயிட்டார். நான் சவுக்காரத்தைக் குழைச்சு அந்த ஓட்டையை வடிவா அடைச்சு, தடவிப் பாத்தாலும் தெரியாத மாதிரி விரலால அழுத்திக் குடுத்தனான். அவ்வளவு இருட்டுக்குள்ளயும் ஒரு துளி சிந்தியிருக்காது அத்தான். அது மட்டும் எனக்குத் தெரியும்."

அமிர்தநாதர் தலையாட்டினார். "சிந்தேல்லைத்தான் பிள்ளை. என்ர காலுக்கிடையிலதானே இருந்தது. ஒரு மணமும் இல்லை."

நீக்கிலாஸின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்று மூடியோடு மெல்ல இறங்கி மடியில் வந்து விழுந்தது. மற்றது பின்னால் வந்தது.

அவன் கண்ணுக்குள் ஒரு கான் இருந்தது. இருட்டில் ஒரு தபாலதிபரின் முழங்கால்களுக்கு நடுவே அது வயிற்றை எக்கிக்கொண்டிருந்தது. றொபேட் அதைத் திறந்தான். அது பெருமூச்சு விட்டது. றொபேட் மூடினான். மூடியை விரலால் தடவியும் பார்த்திருப்பான். பழைய கான் என்றால் காற்றுப் போக மூடியைத் தளர்த்தியிருப்பான்; இதற்கு ஓட்டை இருக்கிறதென்று இறுக்கியபடியே விட்டிருப்பான். அந்த ஓட்டையை அவன் விரல் தேடியிருக்கும். நல்ல மெசின்காரன் அவன். விரலுக்கு அகப்படாதபடி அங்கே சவுக்காரம் இருந்தது. பில்ரரை அவன் துடைத்திருப்பான். எப்போதும் துடைப்பான்.

"என்ன அத்தான் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள் கிளடிஸ். "திருகாணி எண்டியள்?"

அவளுடைய கண் அவன் முகத்தில் இருந்தது. விமான நிலையத்தில் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்று கேட்ட அதே கண். இரண்டு வருடம் அவள் ஒன்றையே கேட்டாள். கராஜில் எல்லாருக்கும் ஓசியாக வழங்கிய பொருள், காரணம், இப்போது அவன் வாய்க்குள் வந்து நின்றது. சொன்னால் அவள் விளங்கிக்கொள்வாள். காற்று, எண்ணெய், நெருப்பு என்று அவளுக்குப் பாடமாக்கி வைத்தவன் அவன்தான்.

"ஒண்டுமில்லை," என்றான் நீக்கிலாஸ். "திருகாணி கொஞ்சம் கறள் பிடிச்சுப்போச்சு. அதைத்தான் சொன்னனான்."

"அதுக்கோ கத்தினனீ?" என்றார் அமிர்தநாதர்.

"ஓம்."

மூடியைப் போட்டான். போடும்போது உள்ளங்கைக்குள் மறைத்து, திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தினான். குண்டைப் பிசைந்து, இழுத்தான். மெசின் எழும்பி ஓடியது. இருமவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் கிளடிஸின் மூக்கு விரிந்தது. கை தானாக மூடியை நோக்கி வந்தது. நீக்கிலாஸ் ராங்கியைக் காலால் இழுத்துத் தன் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான்.

"மணக்குது அத்தான்."

"மணக்கட்டும்."

"வீணாப் போகுமெல்லே?"

"இஞ்ச வீணாப் போகலாம் பிள்ளை."

கரை ஒரு கோடாகிப் போன இடத்தில் அவன் மெசினை நிறுத்தினான். அது அவன் நிறுத்தியதால் நின்றது. கிளடிஸ் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் வைத்தாள், எறியவில்லை. அமிர்தநாதர் செபம் சொன்னார். நீச்சல் தெரியாதவர், படகின் விளிம்பை இரண்டு கையாலும் விட்டுவிட்டுக் கைகூப்பினார். பூக்கள் கொஞ்ச நேரம் படகைச் சுற்றி நின்றன, எங்கே போவது என்று கேட்கிற மாதிரி. பிறகு காற்று அவற்றைக் கரைக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோயிற்று. கிளடிஸ் கடைசிப் பூ வெளிச்சத்துக்குள் கரையும்வரை பார்த்தாள். ஒரு பூவும் திரும்பி வரவில்லை.

"அத்தான்," என்றாள், அந்தப் பக்கம் பார்த்தபடியே. "இண்டைக்குக் கடைசியாக் கேக்கிறன். பிறகு கேக்கமாட்டன். நீங்கள் பில்ரர் எண்டு சொல்லுறியள். அவர் துடைச்சதை அண்டைக்கு நான் கண்ணால கண்டனான். விளக்கடியில வைச்சு, வாயால ஊதி, என்ர சீலைத் தலைப்பிலதான் துடைச்சவர். அப்ப அது ஏன் நிண்டது?"

அலை அலுமினியத்தில் தட்டிக்கொண்டிருந்தது. நீக்கிலாஸ் முழங்கால்களால் ராங்கியை இறுக்கிப் பிடித்தான்.

"துடைச்சிருப்பான்," என்றான். "அவன் எப்பவும் துடைப்பான். நான்தான் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

"அப்ப?"

"சும்மா நிண்டது பிள்ளை."

அதை அவன் மூக்கால் சொல்லவில்லை. அமிர்தநாதர் கூப்பிய கையோடு தலையைத் தூக்கினார். இரண்டு வருடமாக வாங்கிய பகிடி முழுவதையும் திருப்பிக் கொடுக்க அவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தார். நீக்கிலாஸின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"காரணம் இல்லாமலோ?" என்றாள் கிளடிஸ்.

"ஓம். சில நேரம் மெசின் அப்பிடித்தான். ஒருதற்ற பிழையும் இல்லை. சும்மா நிக்கும்."

கிளடிஸ் வெறும் வாளியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "ஓம்," என்றாள். பிறகு இன்னொரு தடவை, தனக்குச் சொல்வதுபோல, "ஓம்."

நீக்கிலாஸ் அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பி, கயிற்றைப் பிடித்தான். கொஞ்ச நேரம் இழுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.